தூரத்துத் துயரம் மட்டும்தானா துயரம்?

இலங்கையின் அரச தலைவர்களைப் பற்றி எத்தனையோ குறைகளைச் சொல்லலாம். பலஸ்தீனத்தை மறந்தவர்கள் என்று மட்டும் சொல்ல முடியாது. 1990இல் ஆர். பிரேமதாச, கொழும்பில் இயங்கிவந்த இஸ்ரேலிய நலன்பேணும் பிரிவை இழுத்து மூடினார். மஹிந்த ராஜபக்ஷ நெடுங்காலம் பலஸ்தீன ஒருமைப்பாட்டுக் குழுவை முன்னின்று நடத்தியவர். ரமல்லாப் பகுதியில் ஒரு வீதிக்கே அவருடைய பெயரைச் சூட்டினார்கள். ரணில் விக்கிரமசிங்க 2024 றமழானில், அரச நிறுவனங்கள் இப்தாருக்குச் செலவிடும் பணத்தைக் காஸாச் சிறுவர் நிதியத்துக்குத் தரச் சொன்னார். பலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. முகவரகத்துக்குப் 10 லட்சம் டொலர் கையளிக்கப்பட்டது. அநுர குமார திசாநாயக்க 2025 செப்டெம்பரில் ஐ.நா. பொதுச் சபையில் காஸாவின் துயரத்தை எடுத்துப் பேசினார்.

ஒவ்வொரு முறையும் நமது சமூகம் கைதட்டியது. ஜும்ஆ மேடைகளில் துஆ கேட்கப்பட்டது. அரசியல்வாதிகள் நன்றி அறிக்கை விட்டார்கள். கவியரங்குகளில் தலைவர்களுக்கு வாழ்த்துப்பா படிக்கப்பட்டது. கைதட்டியதில் தவறில்லை. பலஸ்தீனத்தின் பக்கம் நிற்பவர் எவராயினும் அந்த அளவுக்கு நன்றிக்குரியவரே. ஆனால் கைதட்டிய பிறகு கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வி கேட்கப்படாமலே கிடக்கிறது. இந்தக் கருணைக்குத் தலைவர்கள் கொடுத்த விலை என்ன? கடல் கடந்த துயரத்துக்குக் கண்ணீர் விட்டவர்கள், அதே துயரம் இந்தக் கரையில் நிகழ்ந்தபோதும், இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தபோதும் என்ன செய்தார்கள்?

இதை அளக்க வெளிநாட்டு அளவுகோல் எதுவும் தேவையில்லை. மன்னார்த் தீவின் தோட்டவெளி போதும்.

*

மன்னார் நகரிலிருந்து தலைமன்னார் போகும் வழியில், எருக்கலம்பிட்டி, தாராபுரம் என்ற முஸ்லிம் ஊர்களுக்கு அயலாக இருக்கிறது தோட்டவெளி. கத்தோலிக்கத் தமிழரின் ஊர். 1544இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆட்களால் கொல்லப்பட்ட மன்னார்க் கிறிஸ்தவர்களின் நினைவைப் போற்றும் ஆலயம் அங்கே உள்ளது. புதிதாக மதம் மாறிய ஏறத்தாழ 600 பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள் என்பது வரலாறு. முஸ்லிம் எழுத்தாளர்களின் ஏட்டில் இந்தக் கதை எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள் என நம்புகிறேன். நம்பிக்கைக்காகக் கொல்லப்பட்டவர்களின் கதை நமக்கு அந்நியமானதல்ல. அதைவிட முக்கியம், கொலைக்குப் பின் நடந்தது.

செய்தி பிரான்சிஸ் சவேரியாருக்கு எட்டியது. அவர் போர்த்துக்கேய ஆளுநர் மார்ட்டிம் அபோன்சோ டி சூசாவிடம் நியாயம் கேட்டார். ஆளுநரும் இரங்கினார். யாழ்ப்பாணத்துக்கு எதிராகப் படையெடுப்பு ஏற்பாடானது. 1545இல் சவேரியார் நாகபட்டினத்துக்குப் போய்க் காத்திருந்தார். படை புறப்படவில்லை. காரணம், பெகுவிலிருந்து, அதாவது இன்றைய மியன்மாரிலிருந்து, விலையுயர்ந்த சரக்கு ஏற்றிவந்த போர்த்துக்கேயக் கப்பலொன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டிவிட்டது. சரக்கு சங்கிலியின் கைக்குப் போயிற்று. படை போனால் சரக்கு திரும்பாது. ஆகவே முதலில் சரக்கு, நியாயம் பிறகு என்று முடிவாயிற்று. சவேரியார் நாகபட்டினத்தை விட்டு மைலாப்பூர்ப் பக்கம் போய்விட்டார்.

போர்த்துக்கேயர் பின்னர் வராமலில்லை. 1560இல் வந்தார்கள், 16 வருடம் கழித்து. வந்து மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினார்கள். கொலையுண்டவர்களுக்காகக் கிளம்பிய இரக்கம், கடைசியில் முத்துக் குளிக்கும் கடலைக் காவல்காக்கும் பீரங்கியாகத் தீவில் குந்திக்கொண்டது.

தூரத்துத் துயரத்தின்மேல் விழும் அரச பார்வைக்கு இரண்டு இயல்புகள் உண்டென்பதைத் தோட்டவெளி அன்றே காட்டிவிட்டது. ஒன்று, இலாபம் குறுக்கே வந்தால் அந்தப் பார்வை திரும்பிக்கொள்ளும். மற்றது, இலாபம் இருந்தால் அதே பார்வை படையோடு வரும். துயரப்பட்டவன் இரண்டிலும் சாட்டு மாத்திரமே. 480 வருடங்களுக்குப் பிறகும் இந்தச் சூத்திரத்தில் பெரிய மாற்றம் இல்லை.

*

1990ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம்.

அந்த வருடம்தான் பிரேமதாச இஸ்ரேலியப் பிரிவை மூடிப் புகழ் பெற்றார். அதே வருடம் ஓகஸ்ட் 2இல் ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. அங்கே வேலைசெய்த இலங்கையர் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர், பெரும்பாலும் பணிப்பெண்கள், நடுத்தெருவுக்கு வந்தார்கள். ஜோர்தான் எல்லை முகாம்களில் தவித்தவர்களை நாட்டுக்குக் கொண்டுவர சர்வதேச உதவியோடு விமானங்கள் பறந்தன. 1991இல் ஐ.நா. இழப்பீட்டு ஆணைக்குழு அமைந்தது. சம்பளம் இழந்தவருக்கும் உடைமை இழந்தவருக்கும் காலந்தாழ்த்தியேனும் பணம் வந்தது. வரவேண்டியதுதான்; எவரும் அதில் குறைகாண முடியாது.

அதே வருடம் ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் முழுப்பேரையும் வெளியேற்றினார்கள். ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் மன்னார் மாவட்டத்தார். எருக்கலம்பிட்டி சுற்றிவளைக்கப்பட்டுக் கொள்ளையிடப்பட்டது. தீவின் முஸ்லிம்கள் கடற்கரைகளில் குவிக்கப்பட்டு, மழைக்காலக் கடலில் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக்குப் போனார்கள். தோட்டவெளி போன்ற அயலூர்த் தமிழர் பலர் கண்ணீரோடு வழியனுப்பினார்கள் என்பதை வெளியேற்றப்பட்டோரே காலமெல்லாம் சொல்லி வந்திருக்கிறார்கள். ஆயுதம் வைத்திருந்தவனுக்கு அந்தக் கண்ணீர் ஒரு பொருட்டாக இருக்கவில்லை. பலஸ்தீனப் போராளிகளிடம் பயிற்சி பெற்றதைப் பெருமையாகச் சொன்ன இயக்கங்கள் ஈழத்தில் உண்டு. ஒரு சமூகத்தைப் பூர்வீக மண்ணிலிருந்து துடைத்தெறிவது எப்படி இருக்கும் என்று பலஸ்தீனத்தைப் பார்த்து அறிந்த தேசம் இது. அறிந்தும் நடந்தது.

குற்றம் புலிகளுடையது. அதில் ஐயமில்லை. 2002 ஏப்ரலில் பிரபாகரனும் ரவூப் ஹக்கீமும் கைச்சாத்திட்ட உடன்பாடு முஸ்லிம்கள் திரும்பலாம் என்றது. அதுவும் காகிதத்தோடு போயிற்று. ஆனால் இங்கே கேள்வி அரச தலைவரைப் பற்றியது. இஸ்ரேலியரை வெளியேற்றி முஸ்லிம் உலகின் பாராட்டைப் பெற்ற ஜனாதிபதியின் அரசு, தன் பிரஜைகள் 75,000 பேர் வெளியேற்றப்பட்டபோது செய்தது என்ன? புத்தளத்து ஓலைக் கொட்டில்களும் உலருணவு அட்டையும். குவைத்தில் வேலை இழந்தவனுக்கு ஐ.நா. ஆணைக்குழு, எருக்கலம்பிட்டியில் வீடும் வளவும் வள்ளமும் வலையும் பள்ளிவாசலும் இழந்தவனுக்குக் கூப்பன். இதில் எங்கே இருக்கிறது கருணை?

பிறகு வந்த எவரும் கணக்கைத் தீர்க்கவில்லை. கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011 அறிக்கையில் வடக்கு முஸ்லிம்களின் நெடுங்கால இடம்பெயர்வுக்கெனத் தனியாக ஒரு குழுவை நியமிக்கும்படி சொன்னது. வெளியேற்றத்தை முழுமையாக ஆராய்ந்து எழுதும் வேலையை அதே வருடம் குடிமக்கள் ஆணைக்குழு ஒன்றே செய்தது. அரசு செய்திருக்க வேண்டியதைத் தன்னார்வலர்கள் செய்தார்கள். ஆவணம் இருக்கிறது. பதில் சொல்ல வேண்டிய கதிரை காலியாக இருக்கிறது.

*

தற்செயல் என்று ஒதுக்க முடியாதபடி இது திரும்பத் திரும்ப நடக்கிறது.

2014 ஜனவரியில் மஹிந்த ராஜபக்ஷ பலஸ்தீனம் போனார், விருது பெற்றார். அதே பயணத்தில் இஸ்ரேலுக்கும் போனார். போக வேண்டியவர்தான். வடக்கின் வானத்தில் பறந்த கிபிரும் கடலில் ஓடிய டோராவும் இஸ்ரேலில் செய்யப்பட்டவை அல்லவா? வன்னி மக்களுக்கு இந்தப் பெயர்களைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஆறு மாதம் கழியவில்லை. ஜூன் 15இல் அளுத்கமையும் தர்கா நகரும் பேருவளையும் எரிந்தன. ஜனாதிபதி அப்போது பொலிவியாவில், ஜி77 மாநாட்டில், வளர்முக நாடுகளின் நலம் பேசிக்கொண்டிருந்தார். ரமல்லாவின் வீதிக்குப் பெயர் தந்தவர், தர்கா நகரின் வீதிக்குப் பொலிஸைத் தரவில்லை.

2017 மார்ச்சில் மைத்திரிபால சிறிசேன மொஸ்கோவில் இருந்தபடியே மாவில்லு வனப் பாதுகாப்பு வர்த்தமானியில் ஒப்பமிட்டார். மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குழி மக்கள் தமது பூர்வீகக் காணி என்று உரிமை கோரிய நிலமும் அதற்குள் வந்தது. 1990இல் துரத்தப்பட்டு, கால் நூற்றாண்டு அகதியாக வாழ்ந்து, திரும்பி வந்து காட்டை வெட்டிக் குடிலடித்தவனிடம் இது காடு என்று சொல்லப்பட்டது. அவன் இல்லாத காலத்தில் வளர்ந்த மரம் அவனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. முசலியைத் தெரிந்துகொள்ள ஒருநாள் மன்னாருக்கு வந்து மக்களைக் கேட்டிருக்கலாம். மொஸ்கோவிலிருந்து பார்க்கையில் மரம் மட்டும்தான் தெரியும்போலும்.

2024இல் ரணில் விக்கிரமசிங்க காஸாச் சிறுவர்களுக்கு நிதியம் திறந்தார். அதற்கு முன்பே, 2023 கடைசியில், அவரது அரசாங்கம் இலங்கைத் தொழிலாளரை இஸ்ரேலியப் பண்ணைகளுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டது. யுத்தத்தோடு பலஸ்தீனத் தொழிலாளரின் அனுமதி பறிக்கப்பட்டுக் காலியான வேலைகளும் அவற்றில் அடக்கம். ஒரு கையால் பலஸ்தீனப் பிள்ளைக்குப் பால்மா. மறு கையால் அந்தப் பிள்ளையின் தகப்பனுடைய வேலைக்கு மாற்றாள். அனுப்பப்படும் ஏழைத் தொழிலாளி குற்றவாளியல்லன். கடனில் மூழ்கிய நாட்டில் அவனுக்கு வேறு வழி இல்லை. ஆனால் இரண்டு பேரேட்டிலும் ஒரே கையெழுத்து இருக்கிறது. பெகுவிலிருந்து வந்த கப்பலின் சரக்கு இப்போது டொலராக வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மாற்றத்தின் பெயரால் வந்தவர்களின் காலமும் கணக்கில் உண்டு. 2025 மார்ச்சில் இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் ஒட்டிய முஸ்லிம் இளைஞன் ஒருவன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுத்துவைக்கப்பட்டான். எதிர்ப்பு எழுந்த பிறகு விடுவிக்கப்பட்டான். அதே வருடம் செப்டெம்பரில் ஜனாதிபதி நியூயோர்க்கில் காஸாவுக்காகக் குரல் கொடுத்தார். அங்கே உரையாகும் விஷயம் இங்கே சுவரில் ஒட்டப்பட்டால் பயங்கரவாதமாகுமா?

*

இதுவரை சொன்னதற்கு ஒரு மறுப்பு வரலாம். உள்நாட்டுப் பிரச்சினைகளில் வாக்கு இருக்கிறது, இனவாதம் இருக்கிறது, அவை சிக்கலானவை. வெளிநாட்டு மனிதாபிமானத்தை அவற்றோடு குழப்பாதீர்கள் என்பார்கள். சரி. அப்படியானால் உள்நாட்டு வாக்குச் சீட்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத, கலப்பற்ற ஒரு வெளிநாட்டுத் துயரத்தையே எடுத்துக்கொள்வோம். அது கொழும்பின் கவனத்தைத் தேடிப் போகவில்லை. தானே வள்ளம் ஏறி வந்தது.

2017 ஏப்ரலில் காங்கேசன்துறைக்கு அப்பால் ரோஹிங்யா முஸ்லிம்கள் சிலர் கடற்படையால் மீட்கப்பட்டார்கள். 31 பேர், அவர்களில் 16 பேர் சிறுவர். கல்கிசையில் ஐ.நா. அகதிகள் முகவரகத்தின் பொறுப்பில் இருந்த வீட்டை அந்த வருடம் செப்டெம்பரில் பிக்குகள் தலைமையில் ஒரு கும்பல் முற்றுகையிட்டது. அகதிகளைப் பூசாவுக்குக் கொண்டுபோய்த்தான் பாதுகாக்க முடிந்தது. 2022 டிசம்பரில் நூற்றுக்கு மேற்பட்டோருடன் மற்றொரு படகு வடகடலில் மீட்கப்பட்டது. 2024 டிசம்பரில் இன்னொரு படகு, அதுவும் நூற்றுக்கு மேற்பட்டோருடன், பசியிலும் தாகத்திலும் வாடிய குழந்தைகளோடு, முள்ளிவாய்க்கால் கரையில் வந்து ஒதுங்கியது.

அந்தக் கரையின் பெயரை மறுபடி வாசியுங்கள். 2009இல் உலகம் முழுவதாலும் கைவிடப்பட்ட மக்களின் கரை அது. அந்த மக்கள்தான் முதலில் ஓடிவந்து சாப்பாடும் தண்ணீரும் கொடுத்தார்கள். அகதியாக இருந்தவனுக்கு அகதியைத் தெரிகிறது. அவர்கள் மாநாடு கூட்டவில்லை, நிதியம் திறக்கவில்லை, மதம் கேட்கவில்லை. அரசு என்ன செய்தது? வந்தவர்களைக் கேப்பாப்பிலவு விமானப்படை முகாமில் அடைத்தது. ஆட்கடத்தலாக இருக்கலாம் என்றது. திருப்பி அனுப்புவது பற்றிப் பேசியது. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அதிகாரிகளுக்கே உள்ளே போக அனுமதி மறுக்கப்பட்டது. முல்லைத்தீவிலும் வேறு இடங்களிலும் மக்கள் பதாகை பிடித்து நின்றார்கள்.

1545இல் பெகுவிலிருந்து வந்த கப்பல் இதே வடகரையில்தான் தரைதட்டியது. அதில் சரக்கு இருந்தது. ஒரு சாம்ராஜ்யமே அதைப் பற்றி யோசித்தது, படையை நிறுத்தியது, பேச்சுவார்த்தை நடத்தியது. 2024இல் அதே நாட்டிலிருந்து தப்பியவர்கள் வந்த படகில் பிள்ளைகள் மட்டும் இருந்தார்கள்.

காஸாவின் பிள்ளைக்கும் ரோஹிங்யாப் பிள்ளைக்கும் என்ன வேறுபாடு? காஸாவின் பிள்ளை வரமாட்டாது. அதற்கு அனுதாபம் அனுப்பினால் போதும். ரோஹிங்யாப் பிள்ளைக்குப் பாய் வேண்டும், பாடசாலை வேண்டும், அதற்காக இனவாதிகளின் ஏச்சைத் தாங்க வேண்டும். இரக்கத்துக்கு முதன்முறையாக ஒரு விலை குறிக்கப்பட்டது. அப்போதே பை மூடிக்கொண்டது.

*

முஸ்லிம் நாட்டுத் தலைவரென்றால் வேறுவிதமாக இருக்குமென்று நினைப்பவரும் உண்டு. கொவிட் காலத்தில் நமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டபோது இம்ரான் கான் குரல் கொடுத்தார். 2021 பெப்ரவரியில் கொழும்பு வந்தார். அவர் போன மறுநாளே அடக்கத்துக்கு அனுமதியளிக்கும் வர்த்தமானி வந்தது. அந்தக் குரலின் பெறுமதியைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். எரியும் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவனின் வாளியைக் குறைசொல்லலாகாது. ஆனால் அதே வருடம், சீனத்து உய்குர் முஸ்லிம்களைப் பற்றிக் கேட்டபோது, சீனாவோடு தனிப்பட்ட முறையில் பேசிக்கொள்வோம் என்று நழுவியவரும் அவர்தான். மார்ச்சில் ஜெனீவாவில் இலங்கைக்கு எதிரான தீர்மானம் வந்தபோது பாகிஸ்தான் இலங்கை அரசுக்கே வாக்களித்தது. வர்த்தமானி அந்த வாக்கெடுப்புக்குச் சற்று முன்னர் வந்ததும் தற்செயலா? நமது மையத்துகளும் ஒரு பேரத்தின் தட்டில் வைக்கப்பட்டன என்பதை மறக்கக் கூடாது.

அப்படியானால் தூரத்துத் துயரத்தைப் பேசவே கூடாதா? பேச வேண்டும். முன்னிலும் அதிகமாகப் பேச வேண்டும். தமிழில் அதற்கு நல்ல முன்மாதிரியும் இருக்கிறது. எம்.ஏ. நுஃமானின் மொழிபெயர்ப்பில் 'பலஸ்தீனக் கவிதைகள்' 1981இல் வந்தது. பலஸ்தீனத்தை ஒருபோதும் பார்த்திராத வாசகன் அதைப் படித்துத் தன் ஊரின் சோதனைச் சாவடியை, தன் வீட்டின் எரிந்த கூரையைப் பார்க்கக் கற்றான். தூரத்துத் துயரம் கண்ணைத் திறந்து வீட்டுக்கே திருப்பி அனுப்பியது. நாடுகடந்த கருணையின் இலக்கணம் அதுதான். தலைவர்களின் கருணையோ கண்ணை அங்கேயே கட்டிவைக்கிறது. காஸாவைப் பார், கரடிக்குளியைப் பார்க்காதே என்கிறது.

நம் எழுத்துச் சூழலிலும் இந்த நோய் பரவாமல் இல்லை. காஸா பற்றிய கவிதைக்குப் பஞ்சமில்லை. முசலியின் காணிக்கு, கேப்பாப்பிலவு முகாமின் பிள்ளைக்கு எத்தனை வரி கிடைத்தது? பலஸ்தீனத்தைப் பாடினால் எல்லோரும் தலையாட்டுவார்கள். கேப்பாப்பிலவைப் பாடினால் அமைச்சரின் விழா அழைப்பிதழ் வராமல் போகலாம். எழுத்தாளனுக்கும் பெகுக் கப்பல்கள் உண்டு.

ஆகவே, அடுத்தமுறை ஒரு ஜனாதிபதி கடல் கடந்த மக்களுக்காகக் குரல் கொடுக்கும்போது, நன்றி சொல்லிவிட்டு நான்கு கேள்விகளை அவர் மேசையில் வைப்போம். 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் இலங்கை இன்னும் ஏன் ஒப்பமிடவில்லை? அகதிகளுக்கான உள்நாட்டுச் சட்டம் எப்போது வரும்? 1990 வெளியேற்றத்துக்கென அரசு விசாரணையும் இழப்பீட்டுத் திட்டமும் எங்கே? பலஸ்தீனத்துக்காக வாய்திறக்கும் பிரஜையைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தால் அடைக்கமாட்டோம் என்ற எழுத்துமூல உறுதி உண்டா?

இவற்றுக்குப் பதில் தருபவர் காஸாவைப் பற்றிப் பேசட்டும், உட்கார்ந்து கேட்போம். பதில் இல்லாதவர் பேசினாலும் கேட்போம். ஆனால் கைதட்ட அவசரப்பட வேண்டாம். சரக்கு முதலில், நியாயம் பிறகு என்ற தீர்ப்பை நாகபட்டினத்தில் காத்திருந்தவர் கேட்டார். அதே தீர்ப்புக்காகப் புத்தளத்தில் 35 வருடம் காத்திருந்த சமூகத்துக்கு இன்னொரு கவியரங்கு தேவையில்லை.